ஏழு லிட்டர் சம்ப்

ஏப்ரல் 7, திங்கள்

பேட்டரிக் கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. மூன்று மாதமாகக் கடையில் ஆடுகிற மேசையின் காலுக்கு அடியில் கிடந்தது. இன்று உருவி எடுத்துவிட்டேன். மேசை ஆடுகிறது.

எல்லாம் என் மகள் தமயந்தியால். மஸ்கட்டில் இருக்கிறாள். நேற்று போனில், “அம்மா, நீ பேசறதைக் கேக்கறதுக்கு எனக்கு ரெண்டு காது பத்தலை. எழுதி வை, லீவுக்கு வந்து படிச்சுக்கறேன்” என்றாள். அஞ்சாம் வகுப்போடு நின்றவளிடம் சொல்கிற பேச்சா இது? சரி, எழுதுகிறேன். எங்கே பெரிய ற, எங்கே சின்ன ர என்று யாரும் கேட்கக் கூடாது.

யாராவது திருடிப் படித்தால் அவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். நான் சௌந்தரம். வயது ஐம்பது. கோயமுத்தூர் சிங்காநல்லூரில் பேக்கிங் வெட்டுகிறேன். பேக்கிங் என்றால் பெட்டி கட்டுகிற வேலை இல்லை. எஞ்சினில் இரும்பும் இரும்பும் சேருகிற இடத்தில் ஆயில் ஒழுகாமல் இருக்க நடுவில் தக்கையை வெட்டி வைப்பார்களே, அது. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருசம் ஆகிறது. அவருடைய கத்தரிக்கோல்தான் இன்னும் சோறு போடுகிறது.

பக்கத்து ஷெட்டில் நாச்சிமுத்து மேஸ்திரி. பழைய கார்களுக்கு மட்டும் வைத்தியம் பார்ப்பார். வயது ஐம்பத்து மூன்று. மூன்று தங்கைகளைக் கட்டிக்கொடுத்து நிமிர்ந்து பார்ப்பதற்குள் இவருடைய முகூர்த்தம் எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுவார். அதில் ஆறு ‘ஏனுங்க’. இந்த லைனில் பல்லுப் போன கிழவர் கூட என்னை அக்கா என்கிறார். இவர் மட்டும் ஒன்பது வருசமாக ‘ஏனுங்க’. சரியான கஞ்சப் பேர்வழி, ஒரு அக்காவைக் கூடச் செலவு பண்ண மாட்டார்.

இன்று லாரியில் ஒரு கார் வந்து இறங்கியது. 1939ஆம் வருசத்துக் கார், பாசிப்பயறு நிறம். நான் ‘சீமாட்டி’ என்று பெயர் வைத்துவிட்டேன். சென்னை கிருபாகரன் சாருடையது. அவரிடம் இதுபோலப் பதினோரு கார் இருக்கிறதாம். இருபத்தேழாம் தேதி பழைய கார்க்காரர்கள் எல்லாரும் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறுகிறார்கள். சீமாட்டிக்கு அடியில் ஆயில் ஒழுகி, லாரிப் பலகை முழுக்க வழுக்குகிறது.

கிருபாகரன் சார் போனில் சொல்லிவிட்டார். ஒரு சொட்டு ஒழுகாமல் ஊட்டி ஏறிவிட்டால் நாச்சிமுத்து மே முதல் தேதியிலிருந்து சென்னைக்குப் போய்விடலாம். பதினோரு காருக்கும் அவர்தான் பொறுப்பு. தங்க வீடும் உண்டு.

நல்லதுதான். போகட்டும். தினமும் பதினோரு மணிக்கு என் கடையில் டீ குடிக்க வருவார். அவர் வரட்டும் என்று காத்திருந்தே என் டீ ஆறிப்போகும். இனிமேல் சூடாகக் குடிக்கலாம்.

ஏப்ரல் 8, செவ்வாய்

சீமாட்டியின் வியாதி தெரிந்துவிட்டது. எஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்குகிற தொட்டி இருக்குமே, நாங்கள் சேம்பர் என்போம், அது போய்விட்டது. தகரத்தை அழுத்திச் செய்த சேம்பர். துருப்பிடித்துப் பொடிப்பொடி ஓட்டை. விளிம்பு வேறு அப்பளம் மாதிரி நெளிந்திருக்கிறது.

“மேஸ்திரி, இதுல இட்லி ஊத்தலாம் போல இருக்குதே” என்றேன்.

“ஏனுங்க, வேலை நேரத்துல” என்றார். ஆனால் மீசை கொஞ்சம் அசைந்தது.

இரண்டு வழி என்கிறார். ஒன்று, இந்தத் தகரத்தையே தட்டி, ஈயம் வைத்து அடைப்பது. இன்னொன்று, அலுமினியத்தில் புதிதாக வார்ப்பது. அது ஆழமாக இருக்கும். பழையது அஞ்சு லிட்டர் பிடிக்கும், இது ஏழு. அடியில் வரிவரியாகத் தகடு நிற்பதால் காற்றுப்பட்டு ஆயில் சூடு ஆறும். ஆனால் கீழே தொங்கும். கல்லில் பட்டால் தகரம் நெளியும், அலுமினியம் விண்டுவிடும்.

“உங்களுக்கு எதுங்க பிடிச்சிருக்குது?” என்று கேட்டேன்.

நெடுநேரம் தகரத்தைத் தடவிக்கொண்டே இருந்துவிட்டு, “பழசுக்குப் பழசுதானுங்க சேரும்” என்றார்.

கார் ஓனர் அலுமினியம்தான் வேண்டும் என்றுவிட்டார். அவருடைய சிநேகிதர்கள் எல்லாரும் அதைத்தான் போட்டிருக்கிறார்களாம். அதற்கு விளிம்பில் பசை தடவினால் போதும், என் தக்கைக்கு வேலை இல்லை.

எனக்கென்ன, வேறு வேலையா இல்லை?

ஏப்ரல் 10, வியாழன்

இன்று ஒரு கூத்து. இதில் என் தப்பு கொஞ்சம்தான்.

மேஸ்திரி அச்சு வார்க்கிற பட்டறைக்குக் காலையிலேயே போய்விட்டார். ஒன்பது மணிக்கு அம்மாசை என்கிற கொத்தனார், இரண்டு ஆட்கள், கடப்பாரை, மண்வெட்டி சகிதம் வந்து நின்றார்.

“அக்கா, நாச்சிமுத்து ஷெட்டு இதானுங்ளா? சம்ப் போடச் சொல்லி மேனேஜர் அனுப்பிச்சாருங்க. ஆழமா, பெருசா. எந்த இடத்துலீங்க?”

எனக்கு ஒரே சந்தோசம். கை கழுவக் கூடத் தண்ணீர் இல்லை, ஒரு தண்ணித் தொட்டி கட்டுங்கள் என்று ஒன்பது வருசமாக மேஸ்திரியிடம் தொண்டை கிழியக் கத்துகிறேன். மனுசன் காதில் விழுந்திருக்கிறதே! உடனே போய் இடம் காட்டினேன். சுவருக்கும் சாக்கடைக்கும் நடுவே நீளவாக்கில் கிடந்தது. “நல்லா ஆழமாவே தோண்டுங் தம்பி” என்று மோர் கூடக் கொடுத்தேன்.

நாலு மணிக்கு மேஸ்திரி வந்தார். ஷெட் வாசலில் எட்டடி நீளம், இரண்டரை அடி அகலம், நெஞ்சளவு ஆழம். உள்ளே குனிந்து தோண்டிக்கொண்டிருந்த அம்மாசையின் தலைப்பாகை மட்டும் தெரிந்தது.

“என்னுங்க இது?”

“சம்ப்புங்க” என்றது தலைப்பாகை.

அப்புறம்தான் விசயம் வெளியே வந்தது. நாங்கள் சேம்பர் என்பதைச் சென்னைக்காரர் சம்ப் என்கிறார். அவர் இங்கே இருக்கிற தன் மேனேஜருக்கு, ‘நாச்சிமுத்துவுக்குப் புது சம்ப் ஏற்பாடு செய். ஆழமானது. ஏழு லிட்டர். அளவெடுக்க ஆள் அனுப்பு’ என்று செய்தி அனுப்பியிருக்கிறார். மேனேஜருக்குத் தெரிந்த சம்ப் வீட்டு வாசலில் தண்ணீருக்குத் தோண்டுகிற சம்ப்தான். ஏழு லிட்டரில் யார் சம்ப் கட்டுவார்கள்? பெரியவர் மூன்று சைபர் போட மறந்துவிட்டார் என்று இவரே ஏழாயிரமாகத் திருத்திக்கொண்டார். என்ன இருந்தாலும் புத்திசாலி.

நான் சிரித்த சிரிப்பில் குழிக்குள் விழப் பார்த்தேன். மேஸ்திரி சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, “இடம் காட்டினது யாருங்க?” என்றார்.

“இடம் யாரு காட்டினா என்னுங்க, நல்ல இடம்” என்றேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

ஷெட்டின் சொந்தக்காரர் வந்து குழியைப் பார்த்து இரண்டு குதி குதித்தார். ஷெட்டைக் காலி செய்கிற அன்றைக்குக் குழியை மூடித் தர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேஸ்திரி குழிக்கரையில் நின்று அரைமணி நேரம் யோசித்தார். பிறகு சீமாட்டியைத் தள்ளச் சொன்னார். இந்தப் பக்கச் சக்கரம் இந்தக் கரையில், அந்தப் பக்கச் சக்கரம் அந்தக் கரையில். குழி நடுவில். அச்சு அசல் அளவு! இத்தனை வருசமாக மல்லாந்து படுத்து, முகத்தில் ஆயில் சொட்டச் சொட்ட வேலை செய்தவர், இன்று குழிக்குள் நின்றுகொண்டு தலைக்கு மேலே ஜம்மென்று வேலை செய்தார்.

“இடம் காட்டினது யாருங்க?” என்று நான் மேலே இருந்து கேட்டேன்.

கீழே இருந்து, “ஏனுங்க, பதினேழாம் நம்பர் ஸ்பேனர்” என்று பதில் வந்தது.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. கடை லீவு. பாயசம் வைத்தேன், அதிகமாகிவிட்டது. ஒரு தூக்கு ஷெட்டுப் பக்கம் போய்விட்டது. தானாகப் போகவில்லை.

ஏப்ரல் 16, புதன்

அலுமினிய சேம்பர் வந்தது. பார்க்க வெள்ளிக் குத்துவிளக்கு மாதிரி இருந்தது. மாட்டி, ஏழு லிட்டர் ஊற்றி, மருதமலைக்கு ஏற்றிப் பார்க்கலாம் என்றார். பசை ஒழுகுகிறதா என்று பார்க்க என்னையும் கூப்பிட்டார். என் தக்கைக்குத்தான் இதில் வேலையே இல்லையே என்றேன். “கண்ணு இருக்குதில்லீங்க?” என்றார். அதுவும் சரிதான்.

டேஷ்போர்டில் ஆயில் பிரஷர் காட்டுகிற முள் ஒன்று இருக்கிறது. நேர் ரோட்டில் நாற்பதில் நின்றது. மலை ஏறி முதல் வளைவு திரும்பியதும் தள்ளாடியது. மூன்றாவது வளைவில் படக்கென்று பூஜ்யத்துக்கு விழுந்தது. மேஸ்திரி அந்தக் கணமே எஞ்சினை அணைத்துவிட்டார். முகம் வெளுத்துவிட்டது.

“வளைவுல ஆயில் அத்தனையும் ஒரு பக்கமா ஒதுங்கிருதுங்க. உறிஞ்சற சல்லடைக்கு எட்டறதில்லை. தொட்டி பெருசா இருக்கறதால இன்னும் அதிகமா ஓடுது. ஊட்டி ரோட்டுல பதினாலு வளைவு. பத்து நிமிசம் ஆயில் இல்லாம ஓடுனா எஞ்சின் கடிச்சுக்கும். அப்புறம் இதைக் காயலான் கடைக்குத்தான் அனுப்போணும்.”

அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. பயந்திருக்கிறார்.

இறங்கி வரும்போது ஒரு வேகத்தடை. கீழே டொக் என்று ஒரு சத்தம். ஷெட்டுக்கு வந்து குழியில் நின்று பார்த்தால் வெள்ளிக் குத்துவிளக்கில் நெற்றி நீளத்துக்கு விரிசல்.

பதினோரு நாள் இருக்கிறது. மேஸ்திரி டீயைக் குடிக்காமலே போய்விட்டார். அவருடைய சென்னை வேலை இந்த விரிசல் வழியாகத்தான் ஒழுகிக்கொண்டிருக்கிறது.

எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. பெரும்பாலும்.

ஏப்ரல் 17, வியாழன்

காலையில் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து வரும்போது குடத்துக்குள் ஒரு கொத்து வேப்பந்தழையைப் போட்டேன். எப்போதும் போடுவதுதான். தழை கிடந்தால் குடம் எவ்வளவு ஆடினாலும் தண்ணீர் தளும்பாது. பாதி வழியில் நின்றுவிட்டேன். குடத்தோடு நேராக ஷெட்டுக்குப் போனேன்.

“மேஸ்திரி, இதைப் பாருங்” என்று குடத்தை ஆட்டினேன்.

பார்த்தார். தழையை எடுத்துவிட்டு அவரே ஆட்டினார். அவர் சட்டை எல்லாம் தண்ணீர். மறுபடி தழையைப் போட்டு ஆட்டினார்.

“சேம்பருக்குள்ள வேப்பந்தழை போடச் சொல்றீங்ளா?”

“வேப்பந்தழையோ, தகடோ, உங்க இஷ்டம். குறுக்க எதாச்சும் ஒண்ணு இருந்தா ஓடாதில்லீங்க?”

பிறகு ஓரமாகக் கிடந்த பழைய தகரச் சேம்பரை எடுத்துக் கவிழ்த்தார், நிமிர்த்தினார். உள்ளே சல்லடையைச் சுற்றி நாலு பக்கமும் விரல் வைத்து அளந்தார். நான் இருப்பதையே மறந்துவிட்டார். குடத்தை நானேதான் தூக்கிக்கொண்டு வந்தேன்.

ஏப்ரல் 19, சனி

பழைய தகரத்துக்கு மறுபிறவி. விளிம்பைச் சமமான இரும்புப் பலகையில் வைத்துத் தட்டித் தட்டி நேராக்கிவிட்டார். ஓட்டைகளை ஈயம் வைத்து அடைத்தாயிற்று. உள்ளே சல்லடையைச் சுற்றி நாலு தடுப்புத் தகடு. அடியில் சின்னச் சின்ன வழி விட்டிருக்கிறார். ஆயில் மெதுவாக உள்ளே வரலாம், வளைவில் சட்டென்று வெளியே ஓட முடியாது.

கிருபாகரன் சார் போனில் கத்தினார். பழைய தகரத்தைப் போட்டுக்கொண்டு நாலு பேர் முன்னால் எப்படிப் போவது என்றார். மேஸ்திரி, “நீங்க முள்ளை மட்டும் பாருங்க, அடியில யாரும் குனிஞ்சு பாக்க மாட்டாங்க” என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார். எனக்கு அவர் மேல் ஒரு மரியாதை வந்தது. கொஞ்சம்தான்.

தகரச் சேம்பர் என்றால் தக்கை பேக்கிங் வேண்டும். அப்படியானால் நான் வேண்டும்.

ஏப்ரல் 21, திங்கள்

பேக்கிங் வெட்டினேன். இருபத்திரண்டு ஓட்டை. தக்கை காய்ந்தால் சுருங்கிவிடும் என்று ஈரத்துணியில் சுற்றி வைத்து, அளவு மாறாமல் வெட்டினேன்.

பின்னால் ஒரு ஓட்டையை அரை நூல் அளவு தள்ளி வெட்டினால் யாருக்கும் தெரியாது. மலை ரோட்டில் பர்லியார் வரைக்கும் தாங்கும். அதற்கு மேல் சொட்டுச் சொட்டாக ஒழுகும். எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது. மே மாதம் எல்லாரும் அவரவர் இடத்திலேயே இருப்பார்கள்.

இதை எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை. கை சும்மா இருக்காது.

இருபத்திரண்டு ஓட்டையையும் மூன்று தடவை அளந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் இருந்திருந்தாலும் குற்றம் சொல்ல முடியாது.

ஏப்ரல் 22, செவ்வாய்

குழிக்குள் இரண்டு பேரும் இறங்கி பேக்கிங்கை மாட்டினோம். என் முட்டிக்குத்தான் ஆகவில்லை. அவர் ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டார், அதில் கால் வைத்து இறங்கினேன். ஏறும்போது டப்பா உருண்டுவிட்டது. அவர் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். வேறு வழி இல்லை, ஏணி கிடையாது.

போல்ட் முடுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு இறுக்கினார். “அவ்வளவு இறுக்காதீங்க மேஸ்திரி. தக்கை பிதுங்கிரும். பிடிக்கற அளவுக்குப் பிடிச்சாப் போதும், அதுவாவே இருந்துக்கும்” என்றேன்.

ஸ்பேனரை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் போல்ட்டைத்தான் சொன்னேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

“ஏனுங்க, ஞாயித்துக்கெழமை நீங்களும் வரோணும்.”

“நானெதுக்குங்க?”

“வழியில ஒழுகினா?”

“என்ற பேக்கிங் ஒழுகுமா? என்ன பேச்சு இது!”

“அப்ப ஒழுகாம இருக்கறதைப் பாக்கறதுக்கு வாங்க.”

இவருக்கும் என் குசும்பு தொற்றிக்கொண்டது போல.

ஏப்ரல் 27, ஞாயிறு

கிருபாகரன் சார் வண்டி ஓட்டினார். பக்கத்தில் மேஸ்திரி. பின்னால் நான், மடியில் உபரிப் பேக்கிங், புளிச்சோறு. கிருபாகரன் சார் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“நாச்சிமுத்து, இவங்க யாரு, உங்க அக்காவா?”

“இல்லீங்க.”

“தங்கச்சியா?”

“இல்லவே இல்லீங்க!” மேஸ்திரி கிட்டத்தட்டக் கத்திவிட்டார்.

“அப்ப யாரு?”

“பேக்கிங்குங்க.”

கல்லாறு வரைக்கும் நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கல்லாறு தாண்டி வளைவுகள் தொடங்கின. நாங்கள் மூன்று பேரும் ரோட்டைப் பார்க்கவில்லை, முள்ளைத்தான் பார்த்தோம். நல்ல வேளையாக கிருபாகரன் சார் மட்டும் நடுநடுவே ரோட்டையும் பார்த்தார். முதல் வளைவு, நாற்பது. மூன்றாவது வளைவு, முப்பத்தெட்டு. மேஸ்திரியின் கை சீட்டு விளிம்பைப் பிடித்திருந்தது, நரம்பு தெரிந்தது. ஒன்பதாவது வளைவில் எதிரே பஸ் வந்து, செங்குத்து ஏற்றத்திலேயே வண்டியைச் சாய்வாக நிறுத்த வேண்டியதாகிவிட்டது. முள் தள்ளாடியது. முப்பது. இருபத்தெட்டு. நான் எந்தச் சாமியைக் கூப்பிட்டேன், என்ன கேட்டேன் என்பதை எழுத மாட்டேன். மறுபடி நாற்பதுக்கு வந்து நின்றது. பதினாலாவது வளைவு தாண்டியதும் மேஸ்திரி திரும்பி என்னைப் பார்த்து, “வேப்பந்தழைங்க” என்றார்.

ஊட்டியில் சீமாட்டிக்கு அடியில் ஒரு செய்தித்தாளை விரித்து ஒரு மணி நேரம் நிறுத்தினார்கள். எடுத்துப் பார்த்தால் ஒரு சொட்டு இல்லை. கார்க்காரர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். கிருபாகரன் சார் மேஸ்திரியின் தோளில் தட்டி, “சொன்ன சொல் மாற மாட்டேன். ஒண்ணாந்தேதி சென்னைக்கு வந்துடுங்க” என்றார்.

முதலில் கை தட்டியது நான்தான். உள்ளங்கை இன்னும் எரிகிறது.

ஏப்ரல் 28, திங்கள்

ஷெட் பூட்டியிருந்தது. டீ சூடாக இருந்தது.

ஏப்ரல் 29, செவ்வாய், மத்தியானம்

அம்மாசை மறுபடி வந்துவிட்டார். ஷெட் வாசலில் ஒரு டெம்போ மண், பத்து மூட்டை சிமெண்ட். “குழி வேலைங்க அக்கா” என்றார். தெரியும், காலி செய்யும்போது மூடித் தர வேண்டும் அல்லவா? நாளை மறுநாள் ஒண்ணாந்தேதி. மேஸ்திரி வேலையில் எப்போதும் சுத்தம்.

இந்தத் தடவை நான் மோர் கொடுக்கவில்லை. மோர் இல்லை. இருந்தது, கொடுக்கவில்லை.

ஒரு பம்ப்செட் பேக்கிங் வெட்டினேன், தப்பாகிவிட்டது. இன்னொன்று வெட்டினேன், அதுவும் தப்பு. ஒரு முழுத் தக்கை ஷீட் வீண். மேசை ஆடுவதால்தான்.

அதே நாள், சாயங்காலம்

மண் கொட்டுகிற சத்தத்தையே காணோம். பூச்சுக் கரண்டி உரசுகிற சத்தம்தான் கேட்டுக்கொண்டிருந்தது. அஞ்சு மணிக்குத் தாங்க முடியாமல் எழுந்து போனேன்.

குழி மூடவில்லை. நாலு பக்கமும் செங்கல் வைத்து எழுப்பி, பூசிக்கொண்டிருக்கிறார்கள். டெம்போ மண் கரையைச் சமமாக்கவாம். ஒரு ஓரத்தில் இறங்குவதற்குப் படிக்கட்டு. எட்டுப் படி.

“எதுக்குத் தம்பி இத்தனை படி? நாலு போதுமே” என்றேன்.

அம்மாசை முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நானும் அதையேதானுங்க சொன்னேன். ஒவ்வொரு படியும் ஆறு அங்குலத்துக்கு மேல போவக் கூடாதுன்னுட்டாருங்க மேஸ்திரி. யாருக்கோ முட்டி வலியாமா” என்றார்.

மேஸ்திரி சுவர்ப்பக்கம் திரும்பி நின்று ஏதோ தேடிக்கொண்டிருந்தார். அந்தச் சுவரில் தேடுவதற்கு ஒன்றும் கிடையாது.

“சென்னைக்கு எப்போங்க?” என்றேன்.

“போகலீங்க.”

“ஏனுங்க?”

வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. ஒன்பது வருசத்தில் நான் அவரை ‘ஏனுங்க’ என்றது இதுதான் முதல் தடவை. அவர் திரும்பினார். காது இரண்டும் செங்கல் நிறம்.

“அங்க குழி இல்லீங்க. வண்டியத் தூக்கறதுக்கு மிசின் வெச்சிருக்காராமா. எனக்குச் சரிப்படாதுன்னுட்டேன். வேணும்னா வண்டிய ஒண்ணொண்ணா இங்க அனுப்பட்டுமுங்க.” படியைக் கை காட்டினார். “எறங்கிப் பாருங்க, படி ஒசரம் சரியா இருக்குதான்னு.”

“ஈரமா இருக்குதுங்க. கால் பதிஞ்சுருமே.”

“பதியட்டுமுங்க.”

மேல் படியில் என் வலது கால் பதிந்துவிட்டது. அம்மாசை பூசி அழிக்க வந்தார். மேஸ்திரி வேண்டாம் என்றுவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் தமயந்தி போன் பண்ணினாள். “என்னம்மா விசேசம்?”

“ஒண்ணுமில்ல கண்ணு. சம்ப் கட்டறோம்.”

“எதுக்கு, தண்ணிக் கஷ்டமா?”

“அதெல்லாம் இல்ல.”

“அம்மா... கட்டறோமா? யாரு யாரு?” என்றாள்.

டவர் கிடைக்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். நாளைக்கு இந்த டைரியை மறுபடி மேசைக் காலுக்கு அடியில் வைக்க வேண்டும். டீ டம்ளர் இரண்டு வைத்தால் மேசை ரொம்பத்தான் ஆடுகிறது.